டாமி ஷெல்பி ஏன் அந்தத் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை?

கேள்வி இதுதான்: 1919இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பந்தயத் தொழில் நடத்தும் ஒரு ரவுடிக் கும்பலைப் பற்றிய பிரிட்டிஷ் தொடர் ‘பீக்கி பிளைண்டர்ஸ்’. அதன் முதல் சீசனில், கும்பல் தலைவன் டாமி ஷெல்பியின் ஆட்கள் மோட்டார் சைக்கிள் என்று நினைத்துத் திருடிய பெட்டிக்குள் ராணுவத் துப்பாக்கிகள் இருக்கின்றன. பாலி அத்தை சொன்னபடி அவற்றை எங்காவது போட்டுவிட்டுத் தப்பித்திருக்கலாம். டாமி ஏன் வைத்துக்கொண்டான்? கூடவே இன்னொன்று: இந்தத் தொடரில் எது வரலாறு, எது கற்பனை?

இரண்டையும் தனித்தனியே பிரித்துச் சொன்னால் இரண்டுமே அரைகுறையாகத்தான் நிற்கும். தொடர் வரலாற்றை விட்டு விலகும் இடங்களில் பெரும்பாலானவை டாமியின் மனசுக்காக விலகியவை. ஆறு சீசனையும் முடிக்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், முக்கியமான முடிச்சுகள் எல்லாம் இங்கே அவிழ்ந்துவிடும்.

அடிப்படையான விலகல் காலத்தில் இருக்கிறது. பீக்கி பிளைண்டர்கள் என்ற கூட்டம் பர்மிங்காமில் உண்மையாகவே இருந்தது, தொடரில் வரும் அதே ஸ்மால் ஹீத் பகுதியிலும் இருந்தது. ஆனால் அவர்கள் காலம் 1890களும் 1900களின் தொடக்கமும். பத்திரிகையில் அந்தப் பெயர் அடிபட்டது 1890 மார்ச்சில். ஜார்ஜ் ஈஸ்ட்வுட் என்ற இளைஞர் மதுக்கடையில் போய் ஜிஞ்சர் பீர் கேட்டார். மது கேட்காததற்காக அவரைச் சீண்டிய கும்பல், கடையை விட்டு வெளியே வந்ததும் பின்தொடர்ந்து மண்டையை உடைத்தது. இதுதான் அவர்களுடைய குற்றத்தின் அளவு. பெல்ட் பக்கிள், இரும்பு வைத்த பூட்ஸ், கல், செங்கல். காவலர் ஜார்ஜ் ஸ்னைப் 1897இல் இறந்ததும் செங்கல் அடிபட்டுத்தான். மேற்கு மிட்லாண்ட்ஸ் போலீஸ் அருங்காட்சியகத்தில் 1904ஆம் ஆண்டு எடுத்த கைதிப் படங்கள் இருக்கின்றன. அதில் ஹாரி ஃபவுலர், எர்னஸ்ட் பெய்ல்ஸ் இருவருக்கும் வயது 19, குற்றம் சைக்கிள் திருட்டு. தொடரில் நாம் பார்க்கும் சாம்ராஜ்யத்தின் சாயல்கூட அந்த முகங்களில் இல்லை.

தொப்பி விளிம்பில் பிளேடு தைத்துக்கொண்டார்கள் என்ற கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். ஜில்லெட் தன் கழற்றி மாட்டும் பிளேடுகளை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியதே 1903இல். 1890இல் பெயர் வந்துவிட்டது, பிளேடு பிறகுதான் வருகிறது. அப்படியே கிடைத்திருந்தாலும் தெருப்பையன் கைக்கு எட்டும் விலை அல்ல. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு: துணி விளிம்பில் தைத்த மெல்லிய பிளேடு, வீசும்போது மடங்கிவிடும். உடம்பின் பலமும் அதில் இறங்காது. ‘பீக்’ என்பது தொப்பியின் முன்விளிம்பு. பளிச்சென்று உடுத்திக்கொண்டு திரிபவனை ‘பிளைண்டர்’ என்று அழைப்பது பர்மிங்காம் வழக்கு. பெயருக்கு அந்த விளக்கமே போதும்.

ஆக, 1890இன் கூட்டத்தை 1919க்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் தொடரை உருவாக்கிய ஸ்டீவன் நைட். ஏன்? நடுவில் முதல் உலகப் போர் வரவேண்டும் என்பதற்காக. போர் இல்லையென்றால் டாமி வெறும் சைக்கிள் திருடன்.

இனி அந்தப் பெட்டிகளுக்கு வருவோம். வசனத்தில் சொல்லப்படும் கணக்கு: 25 லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள், 10,000 தோட்டாக்கள், 50 அரைத் தானியங்கி ரைஃபிள்கள், 200 கைத்துப்பாக்கிகள், அவற்றுக்கான குண்டுகள். இந்தப் பட்டியலை எடைபோட்டுப் பாருங்கள். லூயிஸ் ஒன்று சுமார் 12.7 கிலோ, 25க்கு 317 கிலோ. ரைஃபிள் ஒன்றுக்கு 4 கிலோ வைத்தால் 200 கிலோ. கைத்துப்பாக்கி வெப்லி என்று எடுத்துக்கொண்டால் ஒன்று 1.1 கிலோ, மொத்தம் 220 கிலோ. .303 தோட்டா ஒன்று ஏறத்தாழ 25 கிராம், 10,000க்கு 250 கிலோ. பெட்டிகளின் எடையைச் சேர்க்காமலே ஒரு டன். ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடும் சரக்கு இல்லை இது. கால்வாய்ப் படகும், மாமா சார்லியின் யார்டும், கடைசியில் ஒரு கல்லறைக் குழியும் கதைக்கு ஏன் தேவைப்பட்டன என்பது இந்த எடையிலேயே தெரிகிறது. அந்த இடத்தில் எழுத்து மிகக் கச்சிதம்.

இப்போது இன்னொரு வகுத்தல். 10,000 தோட்டாவை 25 லூயிஸுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 400. காலாட்படை லூயிஸின் வட்டத் தட்டு ஒன்றில் 47 தோட்டா பிடிக்கும், அதாவது துப்பாக்கிக்கு எட்டரைத் தட்டு. அது நிமிடத்துக்கு 500 முதல் 600 வரை சுடும். விசையை விடாமல் அழுத்தினால் 48 வினாடிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். ரைஃபிள்களுக்கும் இதிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்றால் இன்னும் குறையும்.

டாமி போர்முனையிலிருந்து வந்தவன். இந்தக் கணக்கை அவன் மனசிலேயே போட்டிருப்பான். இதை வைத்து ஒரு சண்டையைக்கூட முழுதாக நடத்த முடியாது என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவன் அவற்றை ஆயுதமாகப் பார்க்கவே இல்லை என்பது என் முடிவு. அவனுக்கு அது பேரம்பேசும் சரக்கு. ஐரிஷ் புரட்சிக்காரர்கள் விலைக்குக் கேட்கிறார்கள். ஃப்ரெடி தோர்னின் கம்யூனிஸ்டுகள் கையில் போய்விடுமோ என்று அரசு நடுங்குகிறது. மூன்றாவதாக அந்த அரசே வாங்குபவனாக வந்து நிற்கிறது. ஒரே சரக்குக்கு மூன்று பேர் போட்டி போடும்போது அதைக் கால்வாயில் தள்ளச் சொல்லும் பாலிக்கு அபாயம் தெரிகிறது, விலை தெரியவில்லை. டாமிக்கு இரண்டும் தெரிகிறது. அவன் கேட்கும் விலையும் பணம் அல்ல: தன் பந்தயத் தொழிலைப் போலீஸ் தொடக்கூடாது, பந்தய மைதானங்களைக் கையில் வைத்திருக்கும் பில்லி கிம்பர் மேல் தான் பாயும்போது வேறு பக்கம் பார்க்கவேண்டும்.

அரசின் நடுக்கத்தைத் தொடர் மிகைப்படுத்தவில்லை. 1919 ஜனவரி 31இல் கிளாஸ்கோ ஜார்ஜ் சதுக்கத்தில் கலவரம், ஊருக்குள் ராணுவம் இறங்கியது. ஆகஸ்டில் போலீஸ்காரர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். பர்மிங்காம் காவலர்களும் அதில் சேர்ந்தார்கள். லிவர்பூலில் கடைகள் சூறையாடப்பட்டு, போர்க்கப்பல் வரை வந்தது. துப்பாக்கிக்குப் போலீஸ் சான்றிதழ் கட்டாயம் என்ற சட்டம் 1920இல் வந்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். பட்டியலில் உறுத்துவது அந்த ‘அரைத் தானியங்கி ரைஃபிள்’ மட்டும். பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. ஆலை போரில் லூயிஸும் லீ என்ஃபீல்டும் செய்து குவித்தது. லீ என்ஃபீல்டோ ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துவிட வேண்டிய ரைஃபிள்.

டாமியை உள்ளுக்குள்ளிருந்து புரிந்துகொள்ள அவன் செய்த ராணுவ வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொடரின் மிக நேர்மையான பகுதி அதுதான். அவன் சுரங்கம் தோண்டியவன், ‘களிமண் உதைப்பவன்’. மான்செஸ்டர் சாக்கடைக் குழாய்களுக்குச் சுரங்கம் போட்ட தொழிலாளர்களின் முறை இது. ஜான் நார்ட்டன் கிரிஃபித்ஸ் என்ற ஒப்பந்தக்காரர் 1915 தொடக்கத்தில் இதை ராணுவத்துக்குள் கொண்டுவந்தார். 45 பாகை சாய்ந்த மரச் சிலுவையில் முதுகு வைத்துப் படுத்துக்கொண்டு, குறுகலான மண்வெட்டியை இரண்டு காலாலும் களிமண்ணுக்குள் உதைத்துத் தள்ளுவார் ஒருவர். பெயர்ந்த மண்ணை மூட்டையில் அள்ளுவார் இரண்டாமவர். ரப்பர் சக்கரத் தள்ளுவண்டியில் அதை வெளியேற்றுவார் மூன்றாமவர். கடப்பாரையை ஓங்கி அடிக்கும் சத்தம் இல்லை, அதுதான் இதன் பெருமை. களிமண் உதைப்பவருக்கு நாளுக்கு 6 ஷில்லிங் சம்பளம், சாதாரணக் காலாட்படைச் சிப்பாய்க்கு 1 ஷில்லிங்தான். அகழியில் இவர்கள் மேல் இருந்த பொறாமைக்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

இங்கே நுணுக்கமான ஒரு தவறு இருக்கிறது. தொடர் டாமியை 179ஆவது சுரங்கக் கம்பெனியோடும், பிரான்சின் சொம் போர்முனையோடும் சேர்த்துப் பேசுகிறது. 179 உண்மையான கம்பெனி. லா புவாசெல் கிராமத்தருகே லொக்நகர் சுரங்கத்தை முடித்து, சுமார் 27 டன் அம்மோனல் வெடிமருந்தை நிரப்பியவர்கள் அவர்கள். 1916 ஜூலை 1 காலை 7.28க்கு அது வெடித்தது. பள்ளத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். ஆனால் சொம்மின் அடிநிலம் களிமண் இல்லை, சுண்ணாம்புப் பாறை. சுண்ணாம்புப் பாறையைக் காலால் உதைத்து மண்வெட்டியை இறக்க முடியாது. கடைசிக் கட்டத்தில் அங்கே வேலை நடந்த விதமே வேறு: வெறுங்காலோடு நின்று, நீளமான கைப்பிடி பொருத்திய பயனெட் கத்தியின் முனையைப் பாறை விரிசலில் செருகித் திருகுவார்கள். பெயர்ந்துவரும் கல்லைக் கீழே விழாமல் இன்னொரு கையால் பிடித்து, சத்தமில்லாமல் தரையில் வைப்பார்கள். களிமண் உதைப்பு கோலோச்சிய இடம் வடக்கே, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸில். 1917 ஜூன் 7இல் மெஸீனில் 19 சுரங்கங்கள் வெடித்தது அந்த முறையின் உச்சம். கால்வாய் ஓரத்தில் வளர்ந்த ஷெல்பிக்கு அந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் தொடர் விளக்கவில்லை. நிஜத்தில் அது பழகிய சாக்கடைத் தொழிலாளிகளின் வேலை.

ஆனாலும் அந்தக் கனவுக் காட்சி என்னைப் பொறுத்தவரை தொடரின் உயிர். இரவில் ஓபியம் குழாயோடு படுத்திருக்கிறான், சுவருக்கு அப்பாலிருந்து மண்வெட்டிச் சத்தம் நெருங்கிவருகிறது. சுரங்கக்காரர்கள் ஸ்டெதாஸ்கோப் போன்ற கருவியைச் சுவரில் வைத்து எதிரி தோண்டும் ஓசையைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எதிரி தோண்டும்வரை பிழைத்திருக்கலாம். ஓசை நின்றுவிட்டால் அவர்கள் வெடிமருந்து அடுக்குகிறார்கள் என்று பொருள். சத்தத்தைவிட அமைதி பயங்கரமான இடம் அது. அங்கிருந்து திரும்பியவனுக்கு ஊரில் கிடைக்கும் அமைதி எப்படி இருக்கும்? திருமணம், பணம், பதவி என்று எல்லாம் கைக்கு வந்து, சும்மா இருக்கலாம் என்ற நிலை வரும் ஒவ்வொரு முறையும் டாமி புதிதாக ஒரு பகையைத் தேடிப்போகிறான். பேராசை என்று மட்டும் சொல்லி இதை ஒதுக்கக்கூடாது. தோண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால்தான் அவனுக்கு மூச்சு விடமுடிகிறது.

அந்த ஓபியத்துக்கும் ஒரு குறிப்பு: 1916 ஜூலையிலேயே போர்க்காலச் சட்டத்தின் கீழ் கொக்கெய்னும் ஓபியமும் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. 1919இல் வீட்டில் வைத்துப் புகைப்பது குற்றம்தான்.

அடுத்து பந்தய லைசென்ஸ். டாமி குதிரைப் பந்தய மைதானத்தில் சட்டப்படி இடம் வாங்கத் துடிப்பதைப் பலர் ‘நல்லவனாக மாற நினைக்கிறான்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதைவிடத் தெளிவான காரணம் அன்றைய சட்டத்தில் இருக்கிறது. பந்தயக் கடை நடத்துவதை 1853ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது, தெருவில் பந்தயப் பணம் வாங்குவதை 1906ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. தெருவில் பிடிபட்டால் முதல் முறை 10 பவுண்டு வரை அபராதம், இரண்டாம் முறை 20, அதற்குமேல் 50 பவுண்டு அல்லது ஆறு மாதம் வரை சிறை. வசதியானவர்கள் புக்கியிடம், அதாவது பந்தயப் பணம் வாங்கும் ஆளிடம், கணக்கு வைத்துக் கடனில் பந்தயம் கட்டலாம், அது குற்றமில்லை. கையில் சில்லறை வைத்திருக்கும் தொழிலாளிக்குச் சட்டப்படி பணம் கட்ட ஒரே இடம் பந்தய மைதானம். ஆகவே வாட்டரி லேனில் கரும்பலகை மாட்டிய ஷெல்பிகளின் அந்த வீடு முழுக்கச் சட்டவிரோதம், மைதானத்து இடம் முழுக்கச் சட்டபூர்வம். டாமியின் இலக்கு சரி. ‘லைசென்ஸ்’ என்ற காகிதம்தான் காலத்துக்கு முந்தியது. புக்கிகளுக்கு அரசுச் சான்றிதழ் வந்ததே 1926இல், சர்ச்சில் நிதியமைச்சராக இருந்து பந்தய வரி போட்டபோது. 1919இல் மைதானத்தில் யார் எங்கே நிற்பது என்பதைத் தீர்மானித்தது அடியாள் பலம்.

அந்த அடியாள் பலம் எப்படிக் காசானது என்பதைத் தொடர் மேலோட்டமாகக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. கும்பல் புக்கியிடம் நேராகப் பணம் பறிப்பதோடு நிறுத்தாமல் ‘சேவை’ விற்றது. விலை எழுத சாக்கட்டி, பலகை துடைக்க ஸ்பான்ஜும் ஒரு வாளித் தண்ணீரும், ஏறி நிற்க முக்காலி, ஓடும் குதிரைகளின் பட்டியல் தாள். அரைக் காசு பெறாத பொருளுக்கு அரைக் கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங், கேட்பார்கள். மறுத்தால் வேறொன்றும் செய்யவேண்டாம், நாலு பேர் முன்னால் வந்து நின்றுகொண்டால் போதும், வாடிக்கையாளர் யாரும் பலகையை நெருங்க முடியாது. பந்தயம் நாளுக்குச் சில மணி நேரம்தான். இரண்டு ஓட்டத்துக்கு வியாபாரம் நின்றாலே அன்றைய பிழைப்புப் போயிற்று.

இந்தத் தொழிலின் உண்மையான தலைவர் பில்லி கிம்பர். பர்மிங்காமில் 1882இல் பிறந்தவர். பீக்கி பிளைண்டர்களுக்குப் பிறகு எழுந்த ‘பிரமஜெம் பாய்ஸ்’ கும்பல் அவருடையது. தொடர் அவரை லண்டன் வாடையோடு காட்டி, முதல் சீசன் முடிவில் டாமி கையால் சாகடிக்கிறது. நிஜ கிம்பர் 1945இல் டார்க்கியில் இறந்தார். நடுவில் ஒரு பெரிய கதையே இருக்கிறது: 1921 மார்ச்சில் லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கம் அவர் சுடப்பட்டுக் கிடந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் ஆல்ஃபி சாலமன், ஆம், தொடரில் டாம் ஹார்டி நடித்த பாத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவர். கிம்பர் காட்டிக்கொடுக்க மறுத்ததால் சாலமன் விடுதலையானார். தொடரில் லண்டன் கும்பல் தலைவன் சபினிக்கு எதிரியாக வரும் ஆல்ஃபி நிஜத்தில் டார்பி சபினியின் ஆள். அதே ஆண்டு ஜூன் 2இல் எப்ஸம் சாலையில், சபினியின் ஆட்கள் என்று நினைத்து, பர்மிங்காம் கும்பல் தங்களுக்கு வேண்டிய லீட்ஸ் புக்கிகளையே வழிமறித்து அடித்து நொறுக்கியது. இதைவிட நல்ல காட்சி எழுதிவிட முடியுமா என்று தெரியவில்லை. தொடர் இதைத் தொடாமல் விட்டது எனக்குப் பெரிய குறை.

கேம்ப்பெல் பற்றிச் சுருக்கமாக. பெல்ஃபாஸ்டிலிருந்து பர்மிங்காமைச் சுத்தம் செய்ய வரும் அதிகாரிக்கு முன்மாதிரி சார்லஸ் ஹாட்டன் ராஃப்டர். அவர் வந்தது 1899இல். 1919இல் அவரே இருபது ஆண்டாக நகரின் தலைமைக் காவலர், 1935இல் இறக்கும்வரை அதே பதவியில் இருந்தார். கேம்ப்பெலுக்கு ஆணையிடும் சர்ச்சில் அப்போது போர் அமைச்சர். போலீஸ் உள்துறையின் கீழ், உள்துறை அமைச்சரோ எட்வர்டு ஷார்ட். துப்பாக்கி ராணுவச் சரக்கு என்பதால் சர்ச்சில் மூக்கை நுழைத்தார் என்று வைத்துக்கொண்டால் ஏற்கலாம். கேம்ப்பெலின் வெறுப்புக்குக் காரணம் கடமை அல்ல. போருக்குப் போகாதவன் என்ற சொல் அவனைக் குத்திக்கொண்டே இருக்கிறது, எதிரில் நிற்பவனோ பதக்கங்களைக் கால்வாயில் எறிந்தவன். அவன் உளவுக்கு அனுப்பி, தானும் ஆசைப்பட்ட கிரேஸ் டாமி பக்கம் சாய்ந்தபோது அந்தப் புண் சீழ்பிடித்துவிடுகிறது.

நான்காம் சீசனில் வரும் தொழிற்சங்கத் தலைவி ஜெஸ்ஸி ஈடனும் உண்மையானவர். 1926 பொது வேலைநிறுத்தத்தில் லூகாஸ் ஆலையில் தன் பிரிவுப் பெண்களை வெளியே அழைத்து வந்தார். 1931இல் 10,000 பெண்கள் அவர் பின்னால் வேலைநிறுத்தம் செய்தார்கள். டாமியோடு காதல் என்பது முழுக் கற்பனை. அப்படிப்பட்ட ஒரு பெண்ணை ஒரு ஆணின் தந்திரத்துக்கு இரையாக்கிக் காட்டியது நியாயமில்லை.

ஐந்தாம் சீசனில் காலக் குழப்பம் கூடுகிறது. டாமி 1920களின் கடைசியில் ‘பர்மிங்காம் சவுத்’ தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினன். அந்தத் தொகுதி 1918லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆஸ்வால்ட் மோஸ்லி 1929இல் பாசிசக் கட்சி தொடங்குவதாகக் காட்டுகிறார்கள். அன்று அவர் லேபர் கட்சியின் ஸ்மெதிக் உறுப்பினர், அரசிலும் பதவி வகித்தவர். 1930 மே மாதம் ராஜினாமா, 1931இல் புதுக்கட்சி, 1932 அக்டோபரில்தான் பாசிசக் கட்சி. பர்மிங்காமோடு அவருக்கு இருந்த உறவு தொடரில் காட்டியதைவிட ஆழமானது: 1924இல் லேடிவுட் தொகுதியில் நெவில் சேம்பர்லினிடம் வெறும் 77 வாக்கில் தோற்றவர் அவர்.

இந்த மூன்றாண்டு அவசரம் டாமியின் நோக்கத்தையே குழப்பிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். 1929இன் மோஸ்லி வேலையில்லாதவர்களுக்காகப் பேசிய இடதுசாரி. அவருக்குள் பாசிஸ்ட் முளைப்பதை அருகிலிருந்து பார்க்கும் டாமியைக் காட்டியிருந்தால், அவன் எப்போது, எதைக் கண்டு விலகினான் என்று நமக்குப் புரிந்திருக்கும். தொடர் மோஸ்லியை முதல் காட்சியிலிருந்தே முழுத் தீயவனாக நிறுத்திவிடுவதால், டாமிக்குக் கொல்வது ஒன்றே வழியாகிறது. கொல்லவும் முடியாது. மோஸ்லி 1980 வரை வாழ்ந்தவர், அவரை எல்லாருக்கும் தெரியும். கிம்பரைப் பெரும்பாலோருக்குத் தெரியாததால் 1919லேயே சுட முடிந்தது. ஐந்தாம் சீசன் முடிவில் திட்டம் பாழாகி, பனிமூட்டத்தில் தன் தலைக்கே துப்பாக்கி வைத்துக்கொண்டு டாமி கத்துகிறானே, அவன் தோற்றதற்குக் காரணம் கதைக்குள் இல்லை, நாட்காட்டியில் இருந்தது. தன்னால் தோண்ட முடியாத ஒரு சுவரில் முதன்முதலாக மோதுபவன் எப்படிக் கத்துவானோ அப்படித்தான் கிலியன் மர்ஃபி அந்தக் காட்சியை நடித்திருக்கிறார்.